இரண்டு நிமிடப் பேச்சில் எத்தனை இலக்கணம்?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரில் ஒரு தங்குவிடுதியில் தமிழ்நாட்டு ஊழியர்கள் 10 பேருக்குத் தொண்டூழியராக ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். 2 மணி நேர வகுப்பு. பயிற்சித்தாளைக் கொடுத்தால் 'டிட்', 'டஸ்' எல்லாம் சரியாக நிரப்பிவிடுகிறார்கள். வாயைத் திறந்தால் ஒன்றும் வருவதில்லை. சிலர் சீக்கிரமே சூப்பர்வைசர் ஆகப்போகிறார்கள். வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிப் பேசும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஆங்கிலத்தில் பேசவேண்டியிருக்கும். பேச்சு எழுதவைத்து இலக்கணம் கற்பிக்கலாமா? எப்படித் தொடங்குவது?

பதில்: தாராளமாகக் கற்பிக்கலாம். உங்கள் மாணவர்களுக்குப் பேச ஒரு காரணம் இருக்கிறது, கேட்க ஆளும் இருக்கிறது. பாதி வேலை முடிந்த மாதிரிதான். 'மை நேட்டிவ் பிளேஸ்', 'இம்பார்ட்டன்ஸ் ஆஃப் இங்கிலீஷ்' மாதிரித் தலைப்புகளை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த கட்டுரை அப்படியே வெளியே வரும். அதில் திருத்தவும் ஒன்றும் இருக்காது, கற்கவும் ஒன்றும் இருக்காது.

பயிற்சித்தாளில் வினைச்சொல் அடைப்புக்குள் தயாராக உட்கார்ந்திருக்கிறது. மாணவர் அதன் வாலை மாற்றினால் போதும். பேசும்போதோ எந்த வினை, எந்தக் காலம், யார் செய்தது என்று எல்லாவற்றையும் அவரே முடிவுசெய்ய வேண்டும். கனடாவில் பிரெஞ்சு வழியாகவே பாடம் படித்த ஆங்கில வீட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985இல் இதைத்தான் எடுத்துச் சொன்னார். பல ஆண்டுகள் பிரெஞ்சைக் கேட்டு நன்றாகப் புரிந்துகொண்ட அந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தடுமாறியது. கேட்பவருக்குப் பொருள் புரிந்தால் போதும், சொல்பவருக்கு அது போதாது.

டூல்பாக்ஸ் பேச்சைப் பிரித்துப் பாருங்கள். நேற்று என்ன நடந்தது, இன்று என்ன வேலை, அதில் என்ன ஆபத்து, என்ன செய்யவேண்டும். முதலாவது இறந்தகாலம். இரண்டாவது 'கோயிங் டு', 'வில்'. மூன்றாவது 'இஃப்'. நான்காவது ஏவலும் 'மஸ்ட்'டும். பாடப்புத்தகத்தில் நான்கு அதிகாரங்களாகக் கிடப்பது இங்கே இரண்டு நிமிடத்தில் அடங்குகிறது. ஒரு ஞாயிறுக்கு ஒரு பகுதி போதும்.

கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். 'வேர் யுவர் ஹெல்மெட்', 'செக் யுவர் ஹார்னஸ்' (ஹார்னஸ் என்பது உயரத்தில் வேலை செய்பவர் அணியும் பாதுகாப்புப் பட்டை) என்று சொல்ல எழுவாயும் வேண்டாம், காலமும் வேண்டாம். முதல் வாரமே எல்லாரும் பத்து வாக்கியம் சரியாகச் சொல்லிவிடுவார்கள். 'மஸ்ட்' வரும்போது 'மஸ்ட் டு செக்' என்ற பிழை கட்டாயம் எட்டிப்பார்க்கும். 'ஹேவ் டு', 'நீட் டு' இரண்டிலும் உள்ள 'டு' இங்கேயும் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். மூன்றையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 'மஸ்ட்'டுக்குப் பின்னால் வெறும் கட்டம் போட்டுக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். இரண்டாம் வாரம் இறந்தகாலம். மூன்றாம் வாரம் சைட் வரைபடத்தை வைத்து 'ஆன்', 'இன்', 'அட்' என்ற இடச்சொற்களும் 'எ', 'த'வும். நான்காம் வாரம் 'கோயிங் டு'. ஐந்தாம் வாரம் 'இஃப்'. 'இஃப் யூ வில் ஸீ ஸ்மோக்' என்பார்கள். 'இஃப்' இருக்கும் பாதியில் 'வில்' வராது என்ற ஒரு விதி போதும், மற்ற 'இஃப்' வகைகள் இப்போதைக்கு வேண்டாம். ஆறாம் வாரம் முழுப் பேச்சு.

எவ்வளவு நீளம்? பல மொழிக்காரர்கள் நின்று கேட்கும் இடத்தில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் வரை நல்ல வேகம். அதனால் முதல் நான்கைந்து வாரம் ஒரு நிமிடப் பேச்சு, அதாவது 10 முதல் 12 வாக்கியம், வாக்கியத்துக்கு எட்டுச் சொல். ஆறாம் வாரம் அது இரட்டிப்பாகட்டும்.

முதலில் எழுதச் சொல்லாதீர்கள். எழுதச் சொன்னால் தமிழில் யோசித்து, கூகிளில் மொழிபெயர்த்து, தன் வாயில் நுழையாத வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தொலைபேசியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யட்டும். பிறகு அதைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே தாளில் இறக்கட்டும். அதுதான் முதல் வரைவு. தெரியாத சொல் இருந்தால் ஒருவருக்கு ஐந்து வரை கேட்கலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம் உங்கள் கைக்கு இப்படி ஒரு தாள் வரும்:

'எஸ்டர்டே லெவல் ஃபைவ் ஒன் வொர்க்கர் ஹார்னஸ் நாட் ஹூக். சேஃப்டி ஆஃபீசர் ஸீ. ஹி இஸ் ஸ்டாப் த வொர்க்.'

கை துறுதுறுக்கும், ஆனால் முழுவதையும் திருத்தி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் பேச்சாகிவிடும், அவர் அதைப் பார்த்து வாசிப்பார். அந்த வாரம் இறந்தகாலம் என்றால் இறந்தகாலத்தை மட்டும் பாருங்கள். பிழை உள்ள வரியின் ஓரத்தில் பிழைக்கு ஒன்றாகப் பென்சிலால் புள்ளி வையுங்கள். மேலே உள்ள மூன்று வாக்கியத்துக்கும் ஆளுக்கொரு புள்ளி. எங்கே பிழை என்று அவரே இரண்டு நிமிடம் தேடட்டும், பிறகு பக்கத்திலிருப்பவர், கடைசியாகத்தான் நீங்கள்.

'நாட் ஹூக்' எங்கிருந்து வந்தது? 'மாட்டவில்லை' என்பதிலிருந்து. நான் மாட்டவில்லை, அவன் மாட்டவில்லை, அவர்கள் மாட்டவில்லை. ஆளுக்கேற்ப மாறுவதும் இல்லை, காலம் காட்டும் உருபும் இல்லை. அதனால் ஆங்கிலத்தில் 'டிட்' என்று ஒன்று தேவை என்றே அவருக்குத் தோன்றாது. சொல்லிக்கொடுத்த மறுவாரம் 'டிட் நாட் ஹூக்ட்' என்று வருவார். பயப்படவேண்டாம், முன்னேற்றம்தான். காலத்தை 'டிட்' சுமந்துகொண்டது, மறுபடி வினைமேல் ஏற்றத் தேவையில்லை என்று சொல்லுங்கள். 'மாட்டினான்' என்பதிலும் காலம் ஒரே இடத்தில்தானே இருக்கிறது? 'ஹி இஸ் ஸ்டாப்' வேறு வகை. அவர் காதில் விழும் ஆங்கிலத்தில் 'இஸ்' அடிக்கடி வருகிறது, அதைப் பொதுப் பசையாக ஒட்டிக்கொள்கிறார். 'ஹி ஸ்டாப்ட்' என்று 'இஸ்'ஸைத் தூக்கிவிட்டால் போதும். இரண்டாம் வரைவு இப்படி நிற்கும்:

'எஸ்டர்டே லெவல் ஃபைவ் ஒன் வொர்க்கர் டிட் நாட் ஹூக் ஹார்னஸ். சேஃப்டி ஆஃபீசர் ஸா. ஹி ஸ்டாப்ட் த வொர்க்.'

'ஆன் லெவல் ஃபைவ்' இல்லை, 'ஹிஸ் ஹார்னஸ்' இல்லை, 'ஸா ஹிம்' இல்லை. இருக்கட்டும். 'ஆன்' அடுத்த வாரம் வருகிறது. பொருளே மாறிவிடும் பிழையாக இருந்தால் மட்டும் உடனே நிறுத்திச் சொல்லுங்கள்.

வேறு சில இடங்களில் தமிழே உங்களுக்குக் கைகொடுக்கும். 'எ', 'த' கற்பிக்க ஒரு ஊரில் ஒரு ராஜா கதை போதும். ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார், அந்த ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள். முதலில் 'ஒரு', அடுத்து 'அந்த'. 'எ கிரேன் இஸ் கமிங் டுடே. த கிரேன் வில் ஸ்டாண்ட் நியர் கேட் டூ.' இந்த ஒப்புமை எல்லா இடத்துக்கும் பொருந்தாதுதான். பேச்சுத் தமிழில் 'கிரேன் வருது' என்று ஒருவை விட்டுவிடுவோம், அதனால் ஆங்கிலத்திலும் விடுவார்கள். ஆனாலும் பல இடம் தேறும்.

நிகழ்காலத்தில்தான் தமிழ் காலை வாரும். 'தினமும் ஏழு மணிக்கு வர்றேன்', 'இதோ வர்றேன்', 'நாளைக்கு வர்றேன்' எல்லாம் ஒரே 'வர்றேன்'. ஆங்கிலத்தில் அவை 'ஐ கம்', 'ஐ ஆம் கமிங்', 'ஐ வில் கம்' என்று மூன்றாகப் பிரியும். 'வி ஆர் ஹேவிங் மீட்டிங் எவ்ரி மார்னிங்' என்ற பிழைக்கு வேர் இதுதான். மூன்று 'வர்றேன்'களையும் பலகையில் எழுதி எது தினமும், எது இப்போது, எது நாளைக்கு என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். இடச்சொற்களும் அப்படியே: மாடியில், லிஃப்டில், கேட்டில் என்று நமக்கு எல்லாமே 'இல்'. 'ஆன் லெவல் ஃபைவ்', 'இன் த லிஃப்ட்', 'அட் த கேட்' என்று சைட் வரைபடத்தில் விரல்வைத்துச் சொல்லவைப்பதைத் தவிர குறுக்குவழி கிடையாது.

இரண்டாம் வரைவு முடிந்ததும் தாளை வாங்கி வைத்துவிடுங்கள். பதிலுக்கு உள்ளங்கை அளவு அட்டை ஒன்று, அதில் ஐந்தே குறிப்பு. பொதுவாக எல்லாரும் 'ஹார்னஸ்', 'கிரேன்', 'கேட்' என்று பெயர்ச்சொற்களை எழுதிக்கொள்வார்கள். பேசும்போது பெயர் எப்படியும் ஞாபகம் வரும், கைவிடுவது வினைதான். ஆகவே 'டிட் நாட் ஹூக்', 'ஸ்டாப்ட்', 'மஸ்ட் செக்' என்று வினையை அதன் சரியான வடிவத்தோடு எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றமே பேச்சில் நிறையப் பிழையைக் குறைக்கும்.

பிறகு ஜோடி மாற்றிப் பேசவேண்டும். ஒரே பேச்சை மூன்று வெவ்வேறு ஆளிடம் 4, 3, 2 நிமிடங்களில் சொல்லவைக்கும் முறை ஆங்கில ஆசிரியர்களிடையே பரவலாக உண்டு. உங்கள் வகுப்புக்கு 90, 75, 60 விநாடி போதும். திருத்தாத வரைவை வைத்து மட்டும் இதைச் செய்யாதீர்கள், வேகத்தோடு பிழையும் கெட்டிப்பட்டுவிடும். கேட்பவருக்கும் வேலை கொடுங்கள். மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் மொழியைக் கவனிக்கவென்றே 'கிராமேரியன்' என்று ஒருவர் இருப்பார். அதுபோல இறந்தகால வினை காதில் விழும்போதெல்லாம் கேட்பவர் ஒரு விரல் மடக்கட்டும். குறுக்கே பேசக்கூடாது.

2 மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: பதிவுக்கு 15 நிமிடம், தாளில் இறக்க 20, இலக்கணம் 25, இரண்டாம் வரைவு 25, ஜோடிப் பேச்சு 20, முன்னால் நின்று மூன்று பேர் பேச 15.

ஒருவர் 'செக்' என்று சொல்லி நிறுத்தினால் அவருக்கு இறந்தகாலம் தெரியவில்லை என்று உடனே முடிவுகட்டாதீர்கள். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் 'செக்ட்' என்ற முடிவு அவர் நாக்குக்குப் பழக்கமில்லை. விழுங்குவார், அல்லது 'செக்டு' என்பார். எழுதிக்காட்டச் சொல்லுங்கள். எழுத்து சரியாக இருந்தால் நாக்குக்குப் பயிற்சி, தவறாக இருந்தால் இலக்கணத்துக்குப் பயிற்சி. 'செக்ட்', 'கிளீன்ட்', 'லிஃப்டட்' என்று மூன்று விதமாக அந்த முடிவு ஒலிப்பதையும் காட்டிவிடுங்கள்.

'ஃபினிஷ் ஆல்ரெடி' என்பதை என்ன செய்வது என்று கட்டாயம் கேட்பீர்கள். இங்கே எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். மலாயில் 'சுடா', தமிழில் 'முடிச்சாச்சு', அதற்கு நேராக 'ஆல்ரெடி'. நம்மவருக்கு ஒரே நாளில் பிடித்துவிடும். 2000இல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியபிறகும் காப்பிக்கடையில் அது மறையவில்லை, மறையவும் வேண்டாம். நேரம் முக்கியமான இடத்தில், அதாவது விபத்தைப் பற்றிச் சொல்லும்போது, 'வி ஃபினிஷ்ட் அட் த்ரீ ஓ கிளாக்' என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 'கான்ட்' என்ற சுருக்கத்தைப் பேச்சில் அனுமதிக்காதீர்கள். சத்தத்தில் கடைசி ஒலி விழுந்துவிட்டால் 'போகக்கூடாது' என்பது 'போகலாம்' என்று காதில் ஏறும். 'கேனாட்' என்று முழுதாகச் சொல்லட்டும். சிங்கப்பூரில் அதுதான் பழக்கமும்கூட.

ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். முதல் வரைவில் எழுதிக்கொள்ளட்டும், நானும் இங்கே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இரண்டாம் வரைவிலிருந்து ஆங்கில எழுத்து. தமிழ் எழுத்தில் 'பேட்' என்றால் மட்டையா, மோசமா, திண்டா என்று தெரியாது.

ஆறாம் வாரப் பேச்சை அறைக்குள் வைக்காமல் வெளியே, லாரிச் சத்தம் கேட்கும் இடத்தில் வையுங்கள். கேட்பவர்கள் பத்து மீட்டர் தள்ளி நிற்கட்டும். முடிந்ததும் அவர்களிடம் மூன்றே கேள்வி: நேற்று எங்கே நடந்தது, இன்று எதைச் செய்யக்கூடாது, புகை வந்தால் என்ன செய்யவேண்டும்? எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லையோ, ஏழாம் ஞாயிறு அந்தப் பகுதியின் இலக்கணத்திலிருந்து தொடங்குங்கள்.