எழுபது வயதான அம்மாவைக் கப்பலில் லட்சத்தீவுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: குடும்பத்தோடு லட்சத்தீவுக் கப்பல் சுற்றுலா போவது கொடுக்கும் பணத்துக்குப் பெறுமா? எழுபது வயதான அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் உடன் வருகிறார்கள்.

தாராளமாகப் போகலாம். அம்மாவை விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள்.

எனக்கு முன்னால் பதில் எழுதிய இரண்டு மூன்று பேர் "வயதானவர்களுக்கு ஒத்துவராது, வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என் அண்ணன்கள் இரண்டு பேரும் என்னிடம் சொன்னதும் இதே வரிதான். "இந்த வயசுல அம்மாவுக்குக் கடல் எதுக்கு, திருச்செந்தூர் கூட்டிட்டுப் போ, அது போதும்" என்றார் பெரிய அண்ணன். எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். திருச்செந்தூர் அம்மா பார்க்காத கோயிலா? பிறந்ததில் இருந்து கரையில் நின்றே கடலைப் பார்த்த மனுஷி, ஒரு தடவைகூடக் கப்பல் ஏறியதில்லை. அப்பா இருந்தவரை வீட்டை விட்டு நகர வழியில்லை. அப்பா போன பிறகு கோயம்புத்தூருக்கு எங்களோடு வந்தவர், அபார்ட்மெண்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். என் பணம், என் கணவரின் பணம், எங்கள் லீவு. இதில் வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வந்து போகிறவர்கள் அம்மாவின் வயதைக் காட்டித் தடை சொன்னால் கோபம் வராதா? ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

நாங்கள் போனது லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான 'ஸ்போர்ட்ஸ்' நடத்தும் 'சமுத்ரம்' திட்டத்தில். கொச்சி வில்லிங்டன் தீவில் கப்பல் ஏற வேண்டும். கப்பலின் பெயர் எம்.வி. கவரத்தி. ஐந்து நாள் திட்டம், கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகள். பகலில் தீவு, ராத்திரி கப்பல். நாம் தூங்கும்போது கப்பல் அடுத்த தீவை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும், அதனால் ஹோட்டலுக்கு ஹோட்டல் பெட்டி தூக்கும் வேலை கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அப்படி ஒருவரை வைத்துக்கொண்டு ஊட்டி கொடைக்கானல் சுற்றியவர்களுக்குத் தெரியும்.

விளம்பரங்களில் வரும் சொகுசுக் கப்பலை மனதில் வைத்துக்கொண்டு இதில் ஏறாதீர்கள். மேல்தளத்தில் நீச்சல்குளம், ராத்திரி பாட்டுக் கச்சேரி எல்லாம் வேண்டுமென்றால் தனியார் கப்பல்கள் இருக்கின்றன, அதில் போவது தப்பில்லை. இது விசாகப்பட்டினத்தில் கட்டிய, 700 பேர் ஏறும் பயணிகள் கப்பல். தீவுக்காரர்களுக்கு இதுதான் டவுன் பஸ். கொச்சி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போகிற பெண்கள், எல்லோரும் அதே கப்பலில்தான் வருகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது நான்கு படுக்கை உள்ள அறை. சுத்தமாக இருந்தது, ஏசி இருந்தது. சாப்பாடு சுமார், ஆனால் சூடாகக் கொடுத்தார்கள். நான் அரசாங்கக் கப்பலுக்கு விளம்பரம் செய்கிறேன் என்று யாராவது வருவீர்கள். எனக்கு அவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, டிக்கெட் வாங்கிப் போனவள், அவ்வளவுதான்.

சரி, எல்லோரும் பயமுறுத்துவது படகு மாறுவதைத்தான். அதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அம்மா விஷயத்தில் முடிவு எடுக்க வேண்டியது அதை வைத்துத்தான்.

இவை பவளத் தீவுகள். தீவைச் சுற்றிப் பவளப்பாறை வளையம், அதற்குள்ளே ஆழமில்லாத காயல். கப்பல் அதற்குள் வர முடியாது, வெளியே ஆழ்கடலிலேயே நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கதவைத் திறக்கிறார்கள். உள்ளூர்ப் படகு வந்து ஒட்டி நிற்கும். அலைக்கு அந்தப் படகு மேலே வரும், கீழே போகும். வாசலுக்குச் சமமாக வரும் நேரம் பார்த்துக் காலை எடுத்து வைக்க வேண்டும். அந்த நேரத்தை நாம் கணக்குப் போட வேண்டியதில்லை. கப்பல் பக்கம் ஆட்கள், படகுப் பக்கம் ஆட்கள், இரண்டு பக்கமும் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் சொல்லும்போது போக வேண்டும், சொல்லாதபோது காலைத் தூக்கக் கூடாது. லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் உண்டு.

கவரத்தியில் முதல் தடவை அம்மா வாசலில் நின்று கீழே பார்த்துவிட்டார். பார்த்ததும் கை நடுங்கியது, "நான் இங்கேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்றார். பின்னால் வரிசையில் நின்ற எங்கள் சுற்றுலாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் "வயசானவங்களை ஏன்தான் கூட்டிட்டு வர்றாங்களோ" என்று காதில் விழும்படி சொன்னார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. படகில் இருந்த தீவுக்காரப் பையன், இருபது வயதுகூட இருக்காது, மலையாளத்தில் "உம்மா, தண்ணியைப் பார்க்க வேண்டாம், என்னைப் பாருங்க" என்று சொல்லிக் கையை நீட்டினான். இரண்டு அலையை விட்டான். மூன்றாவதில் "வா" என்றான், அம்மா படகில் இருந்தார். என் மகனை ஏற்றியதைவிடக் குறைந்த நேரம்தான் ஆனது. மினிக்காயில் நான் கையைப் பிடிக்கப் போவதற்குள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரே வரிசையில் முன்னால் போய் நின்றுவிட்டார்.

அன்று கடல் அமைதியாக இருந்திருக்கும், அதனால் பேசுகிறாய் என்பீர்கள். உண்மைதான், அதனால்தான் காலம் பார்த்துப் போக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். மழைக்காலம் முடிந்து கோடை தொடங்குவதற்குள் போங்கள். அப்புறம், வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள, ஒரு முழ உயரத்தில் காலை வைத்து ஏறி இறங்க உங்கள் அம்மாவால் முடிகிறதா? முடிந்தால் கப்பலுக்கும் முடியும். சமீபத்தில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், எலும்பு பலவீனம் என்று டாக்டர் எச்சரித்தவர்கள், இவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். எல்லாக் கிழவிகளையும் ஏற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. வயதை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கவரத்தியில் எல்லோரும் கடற்கரை, மீன் காட்சியகம் என்று போவார்கள், அது போகட்டும். அம்மாவுக்குப் பிடித்தது தண்ணீர். கடல் மட்டத்தில் இருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரம்தான் அந்தத் தீவுகள், ஆறு கிடையாது, கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறிவிடும். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தினர் 2005இல் அங்கே ஓர் ஆலை அமைத்தார்கள். கடலின் மேல்மட்டத்து வெதுவெதுப்பான தண்ணீரைக் காற்றழுத்தம் குறைந்த அறைக்குள் விட்டால் கொஞ்சம் ஆவியாகிவிடுகிறது. முந்நூறு மீட்டருக்கும் கீழே இருந்து குழாய் வழியாக எடுக்கும் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டு அந்த ஆவியைக் குளிர்வித்தால் குடிதண்ணீர். நாளைக்கு ஒரு லட்சம் லிட்டருக்காகக் கட்டியது. வழிகாட்டி சொன்னதை நான் அம்மாவுக்கு விளக்கினேன். கல்யாணமான புதிதில் குடம் தூக்கிக் கிலோமீட்டர் கணக்கில் நடந்தவர் அவர். ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பார்த்து, "உப்பே இல்லையே, இதை நம்மூருக்குக் கொண்டு வந்திருக்கலாமே" என்றார். அன்று பூராவும் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

கல்பேனி பிள்ளைகளின் தீவு. காயலில் தண்ணீர் இடுப்பளவு, நீச்சல் தெரியாதவர்களும் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்கலாம். அம்மா கண்ணாடி அடிப்பாகம் உள்ள படகில் இருந்து பார்த்தார். கிழக்குக் கரை நெடுக உடைந்த பவளக் கற்கள் வரப்பு கட்டியதுபோல் கிடக்கின்றன. 1847இல் அடித்த ஒரு பெரும்புயல் தூக்கி எறிந்தவை என்கிறார்கள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது, தண்ணீருக்குள் பல இடத்தில் பவளம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. 1998, 2010, 2016, மறுபடி 2024 என்று கடல் சூடேறிய வருஷங்களில் பவளங்கள் வெளுத்துப் போயின. போஸ்டரில் இருக்கும் நிறங்களைத் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கலாம். தயவுசெய்து அந்தக் கற்களைப் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அப்படியும் எங்கள் குழுவில் சிலர் எடுத்து, பரிசோதனையில் மாட்டி, மொத்தப் பேரையும் வெயிலில் நிற்க வைத்தார்கள்.

மினிக்காய் தனி உலகம். மற்ற தீவுகளில் மலையாளம், இங்கே மஹல். மாலத்தீவு மொழியின் சொந்தம், வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். என் கணவரும் பிள்ளைகளும் 1885இல் வெள்ளைக்காரர்கள் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏறப் போனார்கள். அம்மாவும் நானும் கீழே நடந்தபோது ஒரு வாசம் வந்தது. அம்மா நின்று, "மாசி!" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தத் தீவில் தூண்டில் கம்பு போட்டுச் சூரை பிடிக்கிறார்கள். அதை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் காய வைத்தால் மாசிக் கருவாடு. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் சம்பல் அரைப்பார்களே, அதுதான். ஒரு வீட்டு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா நேராக உள்ளே போய்விட்டார். அந்த வீட்டுப் பெண்களுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. தேங்காயைக் காட்டி, மிளகாயைக் காட்டி, கையால் அரைத்துக் காட்டி, அரைமணி நேரம் மூன்று பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். டீ கொடுத்தார்கள். அப்பா போன பிறகு அம்மா அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. பணத்துக்குப் பெறுமா என்று கேட்டீர்களே, எனக்கு இது ஒன்றே பெறும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு எரிச்சலைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். லீவு கேட்டபோது மகளின் பள்ளிக்கூடத்தில் (பெயர் வேண்டாம்) "சுற்றுலாவுக்கெல்லாம் லீவு கிடையாது, ஜுரம் என்று எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். பொய் எழுதிக் கொடுக்கச் சொல்லும் பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளைக்கு என்ன கற்றுத்தரப் போகிறது? நான் உண்மையான காரணத்தையே எழுதிக் கொடுத்தேன். வருஷக் கடைசியில் முழு வருகைக்கான சான்றிதழ் அவளுக்கு இல்லை என்றார்கள். அறிவியல் புத்தகத்தில் பவளத்தீவு ஒரு பத்தி, பரீட்சையில் இரண்டு மார்க். அதை நேரில் தொடும் தூரத்தில் பார்த்து, அது ஏன் வெளுக்கிறது என்று கேட்டு வந்த பிள்ளைக்கு ஒரு பாராட்டு வார்த்தை கிடையாது. இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு.

அண்ணன் நான் அனுப்பிய படத்தை, அம்மா கப்பல் கம்பியைப் பிடித்து நிற்கும் படம், தன் ஸ்டேட்டஸில் வைத்தார். வைக்கட்டும், அவருக்கும் அம்மாதான். முன்னால் சொன்ன வார்த்தையைப் பற்றி மட்டும் இதுவரை ஒன்றும் பேசவில்லை.

இனி உங்களுக்கு வேண்டிய தகவல்கள். லட்சத்தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும், போலீஸ் சான்றிதழும் கேட்டார்கள், அதனால் கடைசி நேரத்தில் கிளம்ப முடியாது. 2024 ஜனவரியில் பிரதமர் போய் வந்த பிறகு கேட்பவர்கள் கூடிவிட்டார்கள், சீட்டு கிடைப்பது கடினம். இடையில் இருக்கும் ஏஜெண்டுகள் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள், முதலில் வில்லிங்டன் தீவில் இருக்கும் ஸ்போர்ட்ஸ் அலுவலகத்திலேயே கேளுங்கள், எந்தெந்தத் தேதியில் கப்பல் இருக்கிறது என்பதும் அங்கேதான் சரியாகத் தெரியும். முதல் ராத்திரி என் மகன் வாந்தி எடுத்தான், காலையில் சரியாகிவிட்டது. வாந்தி மாத்திரையைக் கப்பல் ஏறும் முன்பே போட வேண்டும், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அறை கேட்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள், ஆட்டம் குறைவு. தீவு மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், ஊருக்குள் நடக்கும்போது அடக்கமான உடை போடுங்கள், மது எடுத்துப் போகாதீர்கள். நடுக்கடலில் போன் எடுக்காது என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்குப் பின்பட்டை உள்ள செருப்பு வாங்குங்கள், படகு மாறும்போது சாதாரணச் செருப்பு கழன்றுவிடும்.

கொச்சிக்குத் திரும்பும் நாளிலேயே ஊருக்கு ரயில் போடாதீர்கள். கப்பல் வந்து சேரும் நேரம் கடலைப் பொறுத்தது, மறுநாளைக்குப் போடுங்கள்.