ஒடியா விரதங்களில் உங்கள் மனத்தில் நின்றது எது?

மாணபசா குருபாரா. மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் ஒடியாப் பெண்கள் வீட்டிலேயே செய்யும் லட்சுமி பூசை. வேலைக்காகக் கட்டாக்கில் இரண்டு ஆண்டுகள் மாடியில் குடியிருந்தேன். கீழ்வீட்டு அம்மாளை அந்த ஊர் வழக்கப்படி 'மாவுசி' என்று கூப்பிடுவேன். நாம் சித்தி என்பதுபோல. இந்த விரதத்தை அவர் வீட்டில்தான் பார்த்தேன்.

மார்கசிரம் என்றதும் நம் மார்கழி என்று நினைத்துவிடாதீர்கள். நம்முடையது சூரிய மாதம். இந்த விரதத்துக்கு அவர்கள் பார்ப்பது பௌர்ணமியோடு முடியும் சந்திர மாதம். கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாளே மார்கசிரம் பிறந்துவிடும். 2024-இல் அது நவம்பர் 16 அன்று தொடங்கி டிசம்பர் 15 அன்று முடிந்தது. நமக்கு மார்கழி பிறந்ததோ டிசம்பர் 16. பெயர் ஒன்றுதான், ஒரு நாள்கூடச் சேரவில்லை! ஆனால் அவர்களுடைய ரஜ பண்டிகையும் புத்தாண்டான பணா சங்கராந்தியும் சூரியக் கணக்கில் வருபவை. அதனால் பணா சங்கராந்தி நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வரும்.

'மாண' என்பது பிரம்பால் பின்னிய நெல் அளக்கும் படி. அறுவடையான புது நெல்லை அதில் தலைதட்ட நிரப்பிப் பலகைமேல் வைத்தால் அதுதான் லட்சுமி. புதன்கிழமையே வீடு முழுவதும் கழுவி, அரிசி மாவைக் கரைத்து 'ஜோட்டி' போடத் தொடங்கிவிடுவார்கள். நம் மாக்கோலம்போலத்தான், ஆனால் புள்ளி வைப்பதில்லை. மாவுசி மூன்று விரல்களை மாவில் தோய்த்துச் சுவரில் தட்டித் தட்டி இழுப்பார். ஈரத்தில் ஒன்றும் தெரியாது. காயக் காய, வெள்ளை நெற்கதிர்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கும். வாசலிலிருந்து நெற்படி வரைக்கும் சின்னச் சின்னப் பாதங்கள்.

பூசையில் படிப்பது லட்சுமி புராணம். ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன் பலராம தாசர் ஒடியாவில் பாடியது. தீண்டத்தகாதவள் என்று ஊர் ஒதுக்கிய ஸ்ரீயா, வீட்டைத் துப்புரவாக மெழுகிக் கோலமிட்டு வணங்குகிறாள். லட்சுமி அவள் வீட்டுக்குள் போகிறாள். அதைப் பார்த்த பலபத்திரர், மனைவியைத் துரத்திவிடு என்று தம்பி ஜகந்நாதரிடம் சொல்கிறார். தம்பி மன்றாடியும் அண்ணன் இறங்கவில்லை. வெளியேறிய லட்சுமியின் சாபத்தால் இருவரும் 12 ஆண்டுகள் சோறில்லாமல் பிச்சைக்கு அலைந்து, கடைசியில் அவள் வாசலிலேயே வந்து நிற்கிறார்கள். அவள் கேட்பது ஒன்றுதான்: உன் தலத்தில் பிராமணனும் சண்டாளனும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி உண்ண வேண்டும், சாதி பார்க்கக் கூடாது. புரி ஜகந்நாதர் கோயிலில் பிரசாதம் விற்கும் ஆனந்த பஜாரில் மகாபிரசாதத்தை எல்லாரும் ஒரே இலையில் பகிர்ந்து உண்பதற்கு மக்கள் சொல்லும் காரணம் இதுதான்.

இந்தக் கதையால் ஒடிசாவில் சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் இத்தனை நூற்றாண்டுகளாக இதை வாசிப்பவர்கள் பெண்கள், அதுவும் அடுக்களைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

மாவுசி அதிகம் படித்தவரல்லர். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை ஓட்டி நிதானமாகத்தான் வாசிப்பார். அண்ணனும் தம்பியும் பசியோடு வாசலில் வந்து நிற்கும் இடத்தில் மட்டும் விரல் நின்றுவிடும். புத்தகத்தைப் பார்க்காமலே மீதியைச் சொல்லி முடிப்பார்.