தை மாத இசை விழா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே காவிரிக் கரையில் உள்ளது. தை மாதத்தில் மூன்று நாள் இசை விழாவும் அன்னதானமும் நடத்துகிறோம். விழா முடிந்ததும் படித்துறையும் வாய்க்காலும் குப்பையாகிவிடுகின்றன. இதைச் சரிசெய்ய எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சமையல் மாஸ்டர் எழுதிக் கொடுக்கும் சாமான் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். எவ்வளவு குப்பை சேரும் என்பது அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. பந்தி முடிந்தபின் எச்சில் இலைக் குவியலைக் கிளறிப் பார்த்தால் இது விளங்கும். வாழை இலை மட்டும் இருந்தால் அது மாட்டுக்கும் உரக்குழிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அதோடு ஊறுகாய்ப் பாக்கெட்டும், ஐஸ்கிரீம் கிண்ணமும், அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலும், மேசையில் விரித்த மெழுகுத்தாளும் சுருட்டி எறியப்படுவதால், இலையைத் தின்ன வரும் மாடு எல்லாவற்றையும் சேர்த்தே விழுங்குகிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், உட்புறம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் அந்தத் தடைக்குள் அடங்கும் என்பதைப் பல விழாக் குழுக்கள் மறந்தே போய்விட்டன.

ஆகவே ஊறுகாயைக் கரண்டியால் பரிமாறச் சொல்லுங்கள். பாயசத்துக்குத் தொன்னை போதும். தண்ணீருக்குப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர்களை வாடகைக்கு எடுக்கலாம். டம்ளர் திரும்பி வராது என்று பொருளாளர் கவலைப்பட்டால், ஒரு டம்ளருக்கு இருபது ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, திருப்பித் தருபவரிடம் அதைக் கொடுத்துவிடலாம். நீலகிரி மாவட்டத்தில் மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை 2022 முதல் நடப்பில் உள்ளது. குடிப்பவர்கள் பாட்டிலைத் திருப்பித் தருகிறார்கள் என்றால், ரசிகர்கள் டம்ளரைத் தரமாட்டார்களா என்ன? டம்ளர் கழுவிய நீரை வாய்க்காலில் விடாமல், பக்கத்துக் கொல்லையில் உள்ள வாழைக்குப் பாயும்படி வெட்டிவிடுவது நல்லது.

காலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. தை மாத விழா ஏறத்தாழ இந்த மூடும் நாளை ஒட்டியே வருகிறது. தண்ணீர் ஓடும்போது ஆற்றில் விழுந்த பை, கீழே உள்ள ஊரின் மதகில் போய்ச் சிக்கும். தண்ணீர் நின்றபின் விழுந்தது, அடுத்த ஜூன் வரை உங்கள் படித்துறை மணலிலேயே கிடக்கும். இரண்டில் எதுவும் நல்லதல்ல என்பதால், விழா நாட்களில் படித்துறைப் பக்கம் கடை போட அனுமதிக்காமல் இருப்பதே மேல்.

நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துபவர்கள் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்துத் தர வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இடம்பெற்றது. ஊராட்சியில் முன்கூட்டியே சொல்லிவிட்டால், வண்டி எந்த நேரத்தில் வரும் என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: இரும்புத் தகடும் செயற்கைத் துணியும் வேண்டாம், பழைய மாதிரி கீற்றுப் பந்தலே போடுவோம் என்கிறார்கள் எங்கள் குழுவின் இளைஞர்கள். இது சரியா?

பதில்: வெயிலுக்கும் ஆற்றுக்கும் ஏற்றது கீற்றுதான், பிரித்தபின் எரிக்கவும் மக்கவைக்கவும் முடியும், உள்ளூர் ஆட்களுக்கு வேலையும் கிடைக்கும். ஆனால் டெல்டாவில் இருந்துகொண்டு இதை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சமைத்த இடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். எனவே கீற்றுப் போடுவதானால் சமையற்கட்டு பந்தலிலிருந்து விலகி, காற்றடிக்கும் திசையை அனுசரித்துத் தனியாக இருக்க வேண்டும்; மூன்று பக்கமாவது வெளியேறும் வழி திறந்திருக்க வேண்டும்; மின்கம்பி கீற்றைத் தொடவே கூடாது; தீயணைப்பு நிலையத்துக்கு முன்பே எழுதித் தர வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்றை உங்களால் உறுதியாகச் செய்ய முடியாவிட்டாலும் தகடே போடுங்கள். சுற்றுச்சூழலின் பெயரால் ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் பரம்பரையாக நாகஸ்வரம் வாசிக்கும் குடும்பம். விழாக்களில் முதல் நாள் காலை மங்கள இசைக்கு மட்டும் அழைக்கிறார்கள். நாற்காலி போடும் சத்தத்துக்கு நடுவே வாசித்துவிட்டு வருகிறோம். பசுமை விழா என்று பேசுகிறவர்கள் இதைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

பதில்: பேசத்தான் வேண்டும். யார் மேடையேறுகிறார்கள், யாருக்கு எவ்வளவு, எப்போது பணம் தரப்படுகிறது, எச்சில் இலையை எடுப்பவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பவை சரியில்லாத ஒரு விழா, பிளாஸ்டிக் இல்லாமல் நடந்தாலும் அதனால் ஊருக்குப் பெரிய நன்மையில்லை. திருவையாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. தியாகராஜர் சமாதியில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த 1920-களில், தம் சம்பாத்தியத்தைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பிய பெங்களூரு நாகரத்தினம்மாள், பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். இன்று ஆண்களும் பெண்களும் ஒன்றாக அமர்ந்து பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடுவதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். அது தானாக வந்ததல்ல.

நாகஸ்வரத்துக்கு மாலை ஆறரை மணிக் கச்சேரியாக, முழு நேரமும் ஒதுக்கச் சொல்லி நீங்கள் எழுதியே கேளுங்கள். நாகஸ்வரம் வாசிப்பவருக்கும் தவில்காரருக்கும் பாட்டுக் கச்சேரிக்காரரைப் போலவே பயணப்படி தனியாகவும், சன்மானம் அன்றிரவே கையிலும் தரப்பட வேண்டும். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் செலவிடும் தொகையைச் சன்மானத்தில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. பொன்னாடைகள் பெட்டியில்தான் உறங்குகின்றன. புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் ஆச்சா மரத்தில் கடையப்படுவது. அதன் முனையில் செருகி ஊதும் சீவாளி, காவிரிக் கரையோரம் வளரும் கொறுக்கை என்னும் நாணலில் செய்யப்படுவது. கரையைக் காப்பதும் வாசிப்பவரைக் காப்பதும் வேறு வேறு வேலைகள் அல்ல என்று விழாக் குழுவிடம் நீங்கள் தாராளமாக வாதாடலாம்.

தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும் காலணியும் குழுவின் செலவில் வர வேண்டும்; அவர்களுக்கு முதல் பந்தியிலேயே இடம் வேண்டும். தற்காலிகக் கழிப்பறையின் தொட்டியைச் சுத்தம் செய்யப் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; உறிஞ்சும் வண்டிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

கேள்வி: வெளியூர் ரசிகர்கள் எல்லோரும் காரிலேயே வருகிறார்கள். நாம் என்ன செய்ய முடியும்?

பதில்: பெரிய இசை விழாக்களின் கரியுமிழ்வில் பெரும்பங்கு ரசிகர்களின் பயணத்தால்தான் வருகிறது, மேடை விளக்கை எல்.இ.டி.யாக மாற்றுவது அதன் முன் சிறிய காரியமே. அழைப்பிதழில் தஞ்சாவூரிலிருந்து வரும் பேருந்துகளின் நேரத்தை அச்சிடுங்கள். கடைசிக் கச்சேரியைக் கடைசிப் பேருந்துக்கு அரை மணி முன்னதாக முடியுங்கள். இப்போது கார் வைத்திருப்பவர் மட்டுமே மங்களம் வரை உட்கார முடிகிறது.

கேள்வி: எவ்வளவு சத்தமாக ஒலிபெருக்கி வைக்கலாம்?

பதில்: இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உள்ளது, பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு வரை விலக்களிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அது ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மேல் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரையறை. பந்தலுக்கு வெளியே கம்பந்தோறும் குழாய் கட்டாமல், பந்தலுக்குள் சிறிய பெட்டிகளை நான்கைந்து இடங்களில் வைத்தால் கடைசி வரிசைக்கும் தம்புரா கேட்கும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் உங்களைத் திட்டமாட்டார்கள்.