கரும்புகை விடும் கார்: ஈ.சி.எம். மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஆறு மாதங்களுக்கு முன், பழைய கார்களை வாங்கி விற்கும் கடை ஒன்றில் 2014ஆம் ஆண்டு மாடல் சிறிய பெட்ரோல் கார் வாங்கினேன். முதல் நான்கு மாதம் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த கார், இப்போது 10 கூடக் கொடுப்பதில்லை. சைலன்சரில் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வருகின்றன. காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, என்ஜின் சூடான பிறகு சிக்னலில் நின்றால் உதறி ஆஃப் ஆகிவிடுகிறது. மெக்கானிக் ஸ்கேனர் போட்டபோது பி0172 என்ற கோடு வந்தது. ஸ்பார்க் பிளக்குகளையும் ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றி 6,500 ரூபாய் வாங்கினார். பத்தே நாளில் பழைய கதைதான். இப்போது ஈ.சி.எம். (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டது, 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது? விற்றவரிடம் பணம் கேட்க முடியுமா? (வாசகர், சென்னை)

பதில்: 18,000 ரூபாயை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பி0172 என்ற கோடு, காற்றோடு சேரும் பெட்ரோலின் அளவு அதிகமாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. அந்தச் செய்தியை ஈ.சி.எம்.முக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார்தான். உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டியிருக்கிறார்கள், அதுவும் அதே உண்மையைச் சொல்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரின் ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு; ஆகவே அது கலந்த பெட்ரோல் கலவையை மெலியச் செய்யுமே தவிர, கெட்டியாக்காது. மைலேஜ் ஓரளவு குறையலாம், ஆனால் கரும்புகைக்கு அது காரணமாக முடியாது.

சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால், ஈ.சி.எம். வேண்டுமென்றே சற்று அதிகமாகப் பெட்ரோல் விடும். உங்கள் கார் காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகே அடம்பிடிக்கிறது என்பதைப் படித்ததும், குளிர்ந்த என்ஜினுக்குரிய அளவைச் சூடான என்ஜினுக்கும் அது விட்டுக்கொண்டிருக்கிறதோ என்ற ஐயம் எனக்கு எழுந்தது. அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது, என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் (கூலன்ட்) சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை. சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். அதை வைத்தே ஈ.சி.எம். சூட்டைக் கணிக்கிறது. வயரே அறுந்துபோனால் ஈ.சி.எம். அதைக் கண்டுபிடித்துத் தனியாக ஒரு கோடு காட்டிவிடும். ஆனால் சென்சார் அரைகுறையாகக் கெட்டு, 90 டிகிரியில் இருக்கும் என்ஜினை 30 டிகிரி என்று சொன்னால், நம்பக்கூடிய எண்ணாக இருப்பதால் ஈ.சி.எம். பெரும்பாலும் ஏமாந்துபோகும், சென்சாருக்கான கோடும் வராது.

இதைச் சோதிக்க எதையும் கழற்ற வேண்டியதில்லை. இரவு முழுவதும் நின்ற காரில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் நேரடி அளவீடுகளைப் பாருங்கள். கூலன்ட் சூடும், உள்ளே போகும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் ஓட்டுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கைவைக்க முடியாதபடி கொதிக்கும்போதும் திரையில் 40 டிகிரி என்றே இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். சிறிய கார்களுக்கு இந்தச் சென்சார் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும் முன் அதன் வயர் இணையும் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். என்னுடைய பழைய காரில் சென்சார் நன்றாகத்தான் இருந்தது; கப்ளரின் உலோக முள் ஒன்று பச்சைப் பூத்துக் கிடந்தது, அதைச் சுரண்டித் துடைத்ததோடு வேலை முடிந்தது. அதற்குள் ஒரு ஒர்க் ஷாப்பில் இரண்டு பாகங்களுக்குப் பணம் கட்டியிருந்தேன் என்பது வேறு விஷயம்.

என்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்றும் கேளுங்கள். 'வண்டி ஹீட் ஆகாது' என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மூரில் இன்னும் போகவில்லை. அது இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டை அடையத் தாமதமாகி மைலேஜ் குறையும்; ஆனால் அதனால் மட்டுமே சிக்னலில் ஆஃப் ஆகாது.

ஸ்கேனரில் கூலன்ட் சூடு சரியாகக் காட்டினால், அடுத்தது என்ஜினின் காற்றுக் குழாயில் உள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். சென்னையில் என்ஜின் ஓடாதபோது அது 100 கிலோபாஸ்கலை ஒட்டியும், சூடான என்ஜின் ஐடிலிங்கில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் ஓடும் நிலையில்) இருக்கும்போது பொதுவாக 30 முதல் 40 வரையிலும் காட்ட வேண்டும். அதற்குப் போகும் ரப்பர் குழாய் விரிசல் விட்டோ கழன்றோ இருந்தால், வண்டி மேடேறுகிறது என்று நினைத்து ஈ.சி.எம். பெட்ரோலை அள்ளி விடும். பெட்ரோல் டேங்கின் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றுவிட்டாலும் இதே தொல்லை வரும். ஐடிலிங்கில் அதன் குழாயை அழுத்திப் பிடித்ததும் உதறல் நின்றால் காரணம் அதுதான். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கசிகிறதா என்பதைப் பிரஷர் கேஜ் வைத்து, என்ஜினை நிறுத்திய பிறகு பெட்ரோலின் அழுத்தம் சட்டென இறங்குகிறதா என்று பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்து, வயரிங்கும் பார்த்த பிறகுதான் ஈ.சி.எம். மீது கைவைக்க வேண்டும்.

பழுதைச் சரிசெய்யும் வரை நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடலாம். அதன் விலைக்கு முன் 18,000 ரூபாய் சிறிதாகத் தெரியும். என்ஜின் ஆயிலின் அளவைப் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, பழுதைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் மாற்ற வேண்டும்.

பணம் கேட்பது பற்றி: கார் நான்கு மாதம் நன்றாக ஓடியிருப்பதால், எழுத்தில் வாரண்டி தந்திருந்தாலொழிய விற்றவர் மீதான உங்கள் வழக்குக்கு வலு குறைவு. மெக்கானிக் விஷயத்தில் நிலைமை மேல். கழற்றிய ஆக்சிஜன் சென்சாரைத் திருப்பிக் கேளுங்கள். 6,500 ரூபாய்க்குப் பாகம் வேறு, கூலி வேறாகப் பிரித்துப் பில் வாங்குங்கள். வேறொரு ஒர்க் ஷாப் உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தால் அதை அவர்களுடைய பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இவற்றோடு முதலில் அவரிடமே பேசிப் பாருங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அதற்கும் மேல், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.