கொல்லும் செல்லின் பூட்டும் சாவியும்

கேள்வி: நம் ரத்தத்திலேயே கொல்லும் செல்கள் இருக்கின்றன என்கிறார்களே, அவை புற்றுநோயை ஏன் விட்டுவிடுகின்றன? அக்காவுக்கு இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு சக்தியை முடுக்கிவிடும் சிகிச்சை) ஆரம்பித்திருக்கிறார்கள்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அக்கா நலம்பெற வேண்டும், அம்மா. ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது மைக்ரோஸ்கோப்பில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். நீங்கள் சொல்லும் கொல்லும் செல்களில் ஒன்றான டி செல், ஒரு புற்றுநோய் செல்லோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் புற்றுநோய் செல் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிச் செத்தது. இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் புதிய டி செல்லிடம் ஆயுதம் கிடையாது. பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற ஆயுதப் புரதங்களுக்கான ஜீன்கள் அதனிடம் உண்டு, ஆனால் அடங்கிக் கிடக்கும். எதிரியை அடையாளம் கண்டபிறகுதான் டி-பெட், இயோமெஸ் என்ற புரதங்கள் அந்த ஜீன்களை முடுக்கிவிடும். பெர்ஃபோரின் துளை போடும்; கிரான்சைம் உள்ளே நுழைந்து அந்த செல்லைத் தற்கொலை செய்ய வைக்கும். இத்தனை கட்டுப்பாடு அவசியம்தான், இல்லையென்றால் நம் உடலே தாங்காது.

சரி, புற்றுநோய்? மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டும் டி செல்லில் டாக்ஸ் என்ற புரதம் பெருகி, ஜீன்களின் திறப்பையும் மூடலையும் மாற்றி எழுதுகிறது. 2019-இல் பல குழுக்கள் இதைக் காட்டின. செல் களைத்துப்போகிறது, அதன் மேல் பிடி-1 என்ற பிரேக் நிறைந்துவிடுகிறது. 1992-இல் அதைக் கண்டறிந்தது கியோட்டோவில் ஜப்பானிய விஞ்ஞானி ஹோஞ்சோவின் ஆய்வகம். 2018-இல் அமெரிக்க விஞ்ஞானி அலிசனோடு அவருக்கு நோபல்.

இம்யூனோதெரபி மருந்துகளில் பல இந்தப் பிரேக்கை விடுவிப்பவை. செல்லுக்குத் தெம்பு வருகிறது, ஆனால் டாக்ஸ் எழுதியது பெரும்பாலும் அழிவதில்லை. எல்லோருக்கும் மருந்து ஒரே மாதிரி பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், பிரேக் விட்ட செல்கள் நல்ல உறுப்புகளையும் தாக்கலாம். அக்காவுக்கு விடாத வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.