வெந்நீர்ச் சிலிண்டருக்கு எந்தப் பம்ப்?

கேள்வி: எங்கள் வீட்டில் பாய்லர் கீழ்த்தளச் சமையலறையிலும், வெந்நீர்ச் சிலிண்டர் மாடி அலமாரியிலும் உள்ளன. '15-60' என்று பொறித்த பழைய பம்ப் பழுதாகிவிட்டது. மாடிக்கு வெந்நீர் ஏற வேண்டியிருப்பதால், 8 மீட்டர் திறனுள்ள பம்பை வாங்கலாமா?
- வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: கிணற்று நீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. ஆனால் பாய்லரிலிருந்து அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் சிலிண்டருக்குள் உள்ள சுருள் குழாய்க்கும் சென்று திரும்பும் நீர், நிறைந்த ஒரு வளையத்தில் சுற்றுகிறது. ஏறும் குழாயிலுள்ள நீரின் எடையை இறங்கும் குழாயிலுள்ள நீர் ஈடுகட்டிவிடுவதால், பம்ப் வெல்ல வேண்டியது குழாய்களின் உராய்வுத் தடையை மட்டுமே. வீட்டின் உயரம் கணக்கில் வராது.

உங்கள் பம்பில் உள்ள 60 என்ற எண், அதன் உச்ச அழுத்த உயரம் 6 மீட்டர் என்பதைக் குறிக்கிறது; அதாவது, 6 மீட்டர் உயர நீர் தரும் அழுத்தத்தை அது தரும் என்று பொருள், வீட்டின் உயரம் அல்ல. சாதாரண வீட்டுக்கு அது தாராளம். 18 கிலோவாட் பாய்லரில், போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 20 பாகை செல்சியஸ் வேறுபாடு இருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 13 லிட்டர் ஓடினால் போதும். வேறுபாடு 11 பாகையானால் 23 லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். தேவைக்கு மிஞ்சிய பம்பைப் பூட்டினால் ரேடியேட்டர் வால்வுகள் இரைவதுதான் மிச்சம். ஆகவே 6 மீட்டர் பம்பே வாங்குங்கள். இரு முனைகளுக்கிடையே 130 மில்லிமீட்டர் நீளம் உள்ளதா என்று பழையதை அளந்து பாருங்கள்.

இப்போது கிடைப்பவை தம் வேகத்தைத் தாமே மாற்றிக்கொள்ளும் சிக்கனப் பம்புகள். அவற்றில், நீரோட்டம் குறையும்போது அழுத்தத்தையும் குறைக்கும் முறை ரேடியேட்டர்களுக்கு ஏற்றது. ஆனால் சிலிண்டர் வால்வு மட்டும் திறந்திருக்கும் வேளையில் சுருளுக்குப் போதிய ஓட்டம் கிடைக்காமல் நீர் சூடாகத் தாமதமாகலாம் என்பதால், உங்களுக்கு நிலையான அழுத்த முறையையே பரிந்துரைப்பேன்.

ஒன்றை வலியுறுத்த வேண்டும். என் வீட்டுப் பழைய பம்பைக் கழற்றியபோது, சுழல்சக்கரத்தின் இதழ்களுக்கிடையே மை போன்ற கருஞ்சேறு அப்பியிருந்தது. அது ரேடியேட்டர் இரும்பு அரித்து உண்டான காந்த ஆக்சைடு. புதிய பம்புகளின் சுழலியில் நிலைக்காந்தம் இருப்பதால், அது இன்னும் எளிதில் ஒட்டும். எனவே பழைய நீரை வடித்து, குழாய்களை அலசி, காந்த வடிகட்டி பொருத்திய பிறகே புதியதை மாட்டச் சொல்லுங்கள். பம்பின் அச்சு கிடைமட்டமாக இருக்கட்டும்.

கேள்வி: குளியலறைக் குழாயில் வெந்நீர் வர நெடுநேரமாகிறது. அதற்கும் இதே பம்ப் ஆகுமா?
- அதே வாசகர்

பதில்: ஆகாது. குழாயில் வரும் நீர் எப்போதும் புதியது, ஆக்சிஜன் நிறைந்தது. வார்ப்பிரும்பு உடலை அது அரித்து, துருவை உங்கள் கைக்கே கொண்டுவரும். வெண்கலம் அல்லது துருப்பிடிக்காத எஃகு உடல் கொண்ட, குடிநீருக்கென்றே செய்த சிறு பம்பை, சிலிண்டருக்குத் திரும்பும் தனிக் குழாயில் பொருத்தி, வெந்நீர் குளியலறை வரை சுற்றிக்கொண்டே இருக்கச் செய்ய வேண்டும். லெஜியோனெல்லா கிருமி பெருகாதிருக்க, சிலிண்டரில் 60 பாகையும், திரும்பும் நீரில் குறைந்தது 50 பாகையும் இருக்க வேண்டும். குழாய்களுக்கு வெப்பக்காப்பு உறை இடாவிட்டால் பாய்லர் ஓயாமல் எரியும்.