கிரேக்கப் புராண ஓவியம் போட்ட 1000 துண்டு ஜிக்சா (துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர்) வாங்க ஆசை. எதில் தொடங்கலாம்? வீட்டில் கேலி செய்வார்களா?

கேலி செய்வார்கள். அதில் சந்தேகமே வேண்டாம்.

என் நாத்தனார் வந்திருந்தபோது சாப்பாட்டு மேசை முழுக்கத் துண்டுகள். "பையன் ஹாஸ்டலுக்குப் போனதும் உங்களுக்கு விளையாட்டுச் சாமான் கேட்குதா அண்ணி?" என்றாள். அவள் அண்ணன் அதே ஹாலில் காலையிலிருந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்கள் சும்மா உட்கார்ந்து எதையாவது ரசித்தால்தான் எல்லோருக்கும் கண் உறுத்தும். நீங்கள் ஆணாக இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது? அநேகமாக நீங்கள் இத்தாலிய ஓவியர் போட்டிச்செல்லி காதல் தேவதை வீனஸை வரைந்த 'வீனஸின் பிறப்பு' மேல் கண் வைத்திருப்பீர்கள். எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். அருமையான ஓவியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் புதிராக அடுக்கும்போது வெளிறிய வானமும் வெளிறிய கடலும் உயிரை வாங்கும். அப்புறம் அளவு. ஃப்ளோரன்ஸில் உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல ஓவியம் 172.5 செ.மீ. உயரம், 278.5 செ.மீ. அகலம். 1000 துண்டுப் புதிர்கள் பெரும்பாலும் 70க்கு 50 செ.மீ. உயரத்தை முழுதாக வைத்தால் அகலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வெட்டியாக வேண்டும். இடப்பக்கம் ஊதும் காற்றுத் தேவனின் சிறகோ, வலப்பக்கம் போர்வையோடு வரும் பெண்ணின் முதுகோ போய்விடும். இன்னொன்று, ஹாலில் வைத்து அடுக்குவதாக இருந்தால் அந்தப் போர்வை இன்னும் வீனஸிடம் வந்து சேரவில்லை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை, உங்கள் மாமியாருக்கு இருக்கலாம்.

என் சிபாரிசு, பீட்டர் ப்ரூகலின் 'இகாரஸ் விழும் நிலக்காட்சி'. மூலம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. அவர் கையாலேயே வரைந்ததா, தொலைந்துபோன ஒன்றின் நகலா என்று அறிஞர்களுக்குள் விவாதம் உண்டு. அடுக்குகிற நமக்கு அதனால் ஒன்றும் குறையப் போவதில்லை. உயரமும் அகலமும் 70க்கு 50 என்ற கணக்குக்கு ஓரளவு ஒத்துப்போவதால் வெட்டு குறைவு. வயல், ஆடுகள், கப்பல், பாறை என்று ஒவ்வொரு மூலையிலும் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். கடல் மட்டும் பச்சையாக நீண்டு கிடக்கும், அதைக் கடைசிக்கு வையுங்கள்.

கதை தெரிந்திருக்கும். க்ரீட் தீவிலிருந்து தப்பிக்க டீடலஸ் என்ற கைவினைஞன் இறகையும் மெழுகையும் வைத்துத் தனக்கும் மகனுக்கும் சிறகு செய்கிறான். மகன் இகாரஸ் சூரியனுக்கு அருகே போக, மெழுகு உருகி, கடலில் விழுகிறான். இந்தப் படத்தில் அந்த இகாரஸ் எங்கே என்று தேடினால் வலது கீழ் மூலையில் இரண்டு கால்கள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும். என் புதிரில் அது ஒன்றிரண்டு துண்டுகளுக்குள் அடங்கிவிட்டது. நுரை என்று நினைத்து வெள்ளைக் குவியலில் போட்டு வைத்திருந்தேன்.

பழைய ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய கதையில் உழவனும் இடையனும் மீன் பிடிப்பவனும் பறக்கும் அந்த இருவரைப் பார்த்துத் தெய்வங்களோ என்று வியந்து நிற்பார்கள். ப்ரூகலும் அதே மூவரை வைத்திருக்கிறார், ஆனால் ஒருவரும் விழுந்தவனைப் பார்க்கவில்லை. உழவன் குனிந்து ஏர் ஓட்டுகிறான். இடையன் வேறு பக்கம் வானத்தைப் பார்க்கிறான். மீன்காரன் அத்தனை அருகில் இருந்தும் தூண்டிலில் கண்ணாக இருக்கிறான். மெழுகை உருக்கிய சூரியனோ அடிவானத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. மீன்காரன் பக்கத்துக் கிளையில் ஒரு கௌதாரி உண்டு. டீடலஸ் பொறாமையில் தன் சகோதரி மகனை அதீனா தேவியின் கோட்டையிலிருந்து தள்ளிவிட்டபோது, அதீனா அவனைக் கௌதாரியாக மாற்றிக் காப்பாற்றினாள். இகாரஸைப் புதைக்கும்போது அந்தப் பறவை சிறகடித்துக் கொண்டாடியதாக ஓவிட் சொல்கிறார். இந்தப் படத்தைப் புத்தகத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கௌதாரி கண்ணில் பட்டதில்லை. பழுப்பு நிறத் துண்டு ஒன்றைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. அதற்காகத்தான் இந்த ஓவியத்தைச் சொல்கிறேன்.

"நம்ம ஊர் சாமி இருக்கும்போது கிரேக்கச் சாமி எதற்கு?" என்று கருத்துப் பெட்டியில் வரப்போகிறவர்களுக்கு: முருகனைத் துண்டு துண்டாக வெட்டி டப்பாவில் போட்டு விற்றால் முதலில் சண்டைக்கு வருவதும் நீங்கள்தான். மூளை வளரும், ஞாபக மறதி வராது என்றெல்லாமும் நான் சொல்லவில்லை. பிடிக்கிறது, செய்கிறேன்.

ஆன்லைனில் வாங்கினால் கூரியர்காரரிடம் ஜாக்கிரதை. என் டப்பா வரவேண்டிய அன்று "வீடு பூட்டியிருந்தது" என்று குறுஞ்செய்தி வந்தது. நான் வாசல் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் செய்து கேட்டால் புகார் எண் ஒன்று கொடுத்தார்கள். மறுநாள் இன்னொருவர் வந்து டப்பாவைக் கேட்டுக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். மூலை நசுங்கியிருந்தது, துண்டு எதுவும் குறையவில்லை. அந்தப் புகார் எண் இன்னும் என் போனில் இருக்கிறது, யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.